சுவரைப் பார்த்து நின்றவள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுக்கும் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்ப்பவளுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஆளைப் பார்த்துவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஐந்தேமுக்கால் அடி உயரம், கதவு நிலையை அடைக்கும் தோள். "இதுக்குப் பேரு ஊசின்னா கடப்பாரைக்கு என்ன பேரு வைப்பீங்க?" என்று ஒரு நோயாளி கேட்டே விட்டார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வருஷத்தில் ஆறேழு நாள் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரிய போட்டிகள் நடக்கும்போது ஊக்கமருந்துச் சோதனைக் குழு ஆஸ்பத்திரி ஊழியர்களில் சிலரை அழைத்துக்கொள்ளும். ஜெயித்து இறங்கும் வீராங்கனையிடம் போய், சோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து அவர் சிறுநீர் கொடுத்து முடிக்கும்வரை அவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கழிப்பறைக்குள்ளும் கூடவே போக வேண்டும். அவர் சட்டையை மார்புவரை தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்குக் கீழே இறக்கி, கோப்பையைப் பிடிப்பார். எங்கேயாவது ஒளித்துவைத்த பையிலிருந்து வராமல் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நேருக்கு நேர் பார்த்து, 'பார்த்தேன்' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அடுத்தவ ஒண்ணுக்குப் போறதைப் பாக்குறதுக்குக் கழுத்துல ஒரு அட்டை வேற!" என்பாள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார். "எங்க அண்ணனுக்கு வாய்ச்சிருக்கிறதைப் பாரு."

"நான் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி செத்த எலியை எடுக்கிறேன். அதுக்கு இது தேவலாம்" என்பார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

ஊசி இந்த வேலைக்குப் பெயர் கொடுத்ததற்கு ஒரே காரணம்தான். என்றைக்காவது ஒருநாள் கிரேன் வருவாள்.

பத்திரிகைகள் அந்தப் பளுதூக்கும் வீராங்கனைக்கு வைத்த பெயர் அது. ஊசிக்குப் பதினைந்து வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள். போட்டோகிராபர் அவளைப் பார்த்து, "ஏம்மா பீரோ, நீ கடைசிக்குப் போ, நாலு பேரை மறைக்கிறே" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் டிவியில் கிரேனின் பேட்டி. மேடையில் நின்றவளின் கைகள் ஊசியின் கைகளைப் போலவே இருந்தன. "இப்படி உடம்பை வளர்த்தா யாரு கட்டிக்குவாங்க?" என்று கேட்டான் நிருபன். கிரேன் அசரவில்லை. "என்னைத் தூக்க முடிஞ்சவனை வரச் சொல்லுங்க" என்றாள். தன்னைப் போன்ற உடம்பை வைத்து ஒருத்தி அடுத்தவனைச் சிரிப்புக்கு ஆளாக்குவதை ஊசி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்தது அந்த விபத்து. பயிற்சியின்போது கம்பி நழுவி வலது தொடையில் விழுந்து, போட்டி உடை மறைக்கும் இடத்தில் இருபத்திரண்டு தையல். எட்டு மாதம் ஆளையே காணவில்லை. எல்லாரும் முடிந்தது கதை என்றார்கள். ஒன்பதாம் மாதம் திரும்பி வந்து, பழைய சாதனையைவிட ஆறு கிலோ கூடுதலாகத் தூக்கினாள். மகள் பிறந்தபோது முப்பது மணி நேரம் வலியில் கிடந்த ஊசி, ஒன்று முதல் இருபத்திரண்டுவரை எண்ணி எண்ணித்தான் அதைக் கடந்தாள். வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது.

போட்டி நாளன்று காலையில் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'போட்டியாளர் எவருடனாவது தனிப்பட்ட தொடர்பு உண்டா?' இல்லை என்று எழுதினாள். அது பொய்யும் இல்லை. கிரேனுக்கு அவளைத் தெரியாதே.

அன்றைக்குக் கிரேன்தான் முதலிடம். முப்பத்தாறு வயது, அதுதான் கடைசிப் போட்டி என்று முன்னமே அறிவித்திருந்தாள். மேடைக்குப் பின்னால் போய்ச் சோதனைக்கு அழைத்தபோது ஊசிக்குக் குரல் உடைந்தது. கிரேன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

காத்திருக்கும் அறையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் அணைத்த டிவி, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய ஒரு ஃபிரிட்ஜ். கிரேன் மூன்று பாட்டில் குடித்தாள். வரவில்லை. சோதனை அதிகாரி, வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊசி சுவரோரம் விறைப்பாக நின்றாள்.

"எவ்ளோ நேரம் இப்படியே நிப்பே? உக்காரு" என்றாள் கிரேன். "நான் எங்கயும் ஓடிட மாட்டேன். நமக்கு ஓட்டம் வராது, தூக்கத்தான் வரும்."

ஊசி உட்கார்ந்தாள்.

"நீயும் தூக்கியிருக்கே, இல்ல?"

"நானா?"

"தோள் சொல்லுதே."

"காலேஜ்ல ரெண்டு வருஷம். அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன் விட்டே?"

இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. விட்டது நல்லதுதான் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஊசி அவள் பக்கம் திரும்பினாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். "உங்களுக்கு அடிபட்டப்போ நான் லெட்டர் போட்டேன்."

கிரேன் பாட்டிலைக் கீழே வைத்தாள். "பச்சை இங்க்ல எழுதினதா?"

"இல்ல... நீலம்."

"நீலம், நீலம். முத்து முத்தா எழுதியிருந்தியே! ஆஸ்பத்திரியில தலகாணிக்குக் கீழயே வெச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு கிரேன் எதைச் சொன்னாலும் ஊசி கேட்டிருப்பாள்.

இன்னும் ஒரு பாட்டில் போனதும் கிரேன் எழுந்தாள். சீல் வைத்த கோப்பைகள் மூன்றில் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டாள். கழிப்பறைக் கதவைச் சாத்தியதும், சட்டையில் கை வைத்தபடி நின்றாள்.

"கண்ணு, ஒரு உதவி பண்ணுவியா?"

"சொல்லுங்கக்கா."

"பதினெட்டு வருஷமா போற எடமெல்லாம் எவளாவது ஒருத்தி குனிஞ்சு குனிஞ்சு பாக்குறா. மாடு கன்னு போடுறதைப் பாக்குற மாதிரி. அவங்க எல்லாம் வேத்தாளு, தொலையுதுன்னு விட்டுடுவேன். உன்னை வேத்தாளா நினைக்க முடியல. நீ பாத்தா எனக்கு வரவே வராது. கடைசித் தடவை. அந்தச் சுவரைப் பாரேன்."

ஊசி திரும்பி நின்றாள்.

வெள்ளை டைல்ஸ். ஒன்றில் மூலையில் விரிசல். கை கழுவுவது எப்படி என்று ஆறு படம் போட்ட ஸ்டிக்கர். ஆறையும் வரிசையாகப் பார்த்தாள். பின்னால் சத்தம் கேட்டது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. அத்தனை பெரிய மனுஷிக்குத் தன்னால் கொடுக்க முடிந்தது ஒரு நிமிஷ மானம் என்று தோன்றியது.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இரண்டு பாட்டிலில் ஊற்றி மூடினார்கள். எண் ஒட்டினார்கள். வெளியே இன்னும் இரண்டு வீராங்கனைகள் காத்திருந்ததால் அதிகாரி அம்மாள் பரபரத்துக்கொண்டிருந்தார். படிவத்தின் கடைசியில், போட்டியாளர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத ஒரு கட்டம் உண்டு. கிரேன் பேனாவை வாங்கி, பரீட்சையில் அடுத்தவள் பார்த்துவிடாமல் மறைத்து எழுதுகிற சிறுமி மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுறேன் மேடம். இப்படி ஒரு மரியாதை எனக்கு எங்கயும் கிடைச்சதில்ல."

"எழுதுங்க, எழுதுங்க. எங்களை யாரு பாராட்டுறா?" என்றார் அதிகாரி, அடுத்த ஆளின் ஸ்டிக்கர்களைப் பிரித்தபடி.

படிவம் ஊசியிடம் வந்தது. எழுத்து பொடியாக இருந்தது. தன்னைப் பற்றிய புகழ்ச்சியை, எழுதியவள் எதிரில் நிற்கும்போதே குனிந்து படிப்பது அல்பத்தனமாகப் பட்டது. வீட்டுக்குப் போய் நினைத்துக்கொள்ளலாம், என்ன எழுதியிருப்பாள் என்று. 'பார்த்தேன்' என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். அதன் அடியில் அதிகாரியும் போட்டார்.

மூன்றரை வாரம் கழித்து ஆஸ்பத்திரி கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது: கிரேன் சோதனையில் சிக்கினாள். தடை செய்யப்பட்ட மருந்து. "சும்மாவா அப்படி உடம்பு வரும்!" என்றான் எக்ஸ்ரே பிரிவுக்காரன். ஊசி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து அவனோடு சண்டைக்குப் போனாள். லேப்பில் தப்பு நடந்திருக்கும், பொறாமையில் யாராவது கலந்திருப்பார்கள் என்று கத்தினாள். அவளை நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அதிகாரி அம்மாள் போன் செய்தார்.

"அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கான்னு படிச்சியா நீ?"

"நல்லதா எழுதுறேன்னு சொன்னாங்களே மேடம்."

"கேளு, வாசிக்கிறேன். 'கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்து நின்றார். நான் இரண்டு முறை சொல்லியும் திரும்பவில்லை. இந்தச் சிறுநீர் மாதிரி என்னுடையதுதானா என்பதற்குச் சாட்சி இல்லை.'"

"மறுபடி வாசிங்க மேடம்."

"எதுக்கு? நாலு நல்ல வார்த்தை இருக்கான்னு எண்ணவா? அடியில நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே. உன்னை நம்பி நானும் போட்டிருக்கேன். இப்ப அந்தச் சோதனையே செல்லாதுன்னு மனு குடுத்திருக்கா."

போனை வைத்த பிறகும் ஊசி ரத்தம் நிரப்பிய குழாய்கள் அடுக்கிய தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மெல்லத்தான் புரிந்தது. கிரேன் எதையும் ஒளித்துவைத்திருக்கவில்லை. கோப்பையில் இருந்தது அவளுடையதுதான். அதில் மருந்து இருப்பது கொடுக்கும்போதே அவளுக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னது எதையும் மறைப்பதற்காக அல்ல. சுவரைப் பார்த்து நின்றாள் என்று எழுதுவதற்காக.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் என்று அங்கே முடிவானால், ஆஸ்பத்திரிக்கும் கடிதம் வரும். இன்னார் கையிலிருந்து இன்ன நேரத்தில் எடுத்த ரத்தம் என்று ஒவ்வொரு குழாயிலும் ஒட்டும் சீட்டில் இருப்பது அவளுடைய கையெழுத்து. அது பொய்க் கையெழுத்து என்று ஆனால் அவளுக்கு அங்கே வேறு என்ன வேலை இருக்கிறது?

"பாத்தேன்னு சொல்லிடு. ஒரே வார்த்தை" என்றார் அதிகாரி. "அவ எழுதினது ஒரு பக்கம், நம்ம ரெண்டு பேரு கையெழுத்து ஒரு பக்கம்."

வீட்டுக்காரர் நகக்கண்ணில் ஏறிய கிரீஸைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "உண்மையிலேயே பாத்தியா?"

"இல்ல."

"அங்க போய் என்ன சொல்லப் போறே?"

"பாத்தேன்னு."

"வேலை போகக் கூடாதுன்னா? இல்ல, அவ மேல இருக்கிற கோவத்துலயா?"

"ரெண்டும்தான்."

விசாரணை ஒரு ஹோட்டலின் மீட்டிங் ஹாலில் நடந்தது. நீளமான மேஜை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பென்சில். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி. இரண்டு பக்கமும் இரண்டு டாக்டர்கள். எதிர் வரிசையில் கிரேன், வெளிர்நிறச் சட்டை போட்டு, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வக்கீல் மெல்லிய குரல்காரர். கோபமே வராது போலிருந்தது.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"நேருக்கு நேர்?"

"நேருக்கு நேர்."

"எவ்வளவு தூரத்துல?"

"கை எட்டுற தூரம்."

"வெளிச்சம் இருந்துச்சா?"

"நல்லாவே இருந்துச்சு."

"கால்சட்டை எது வரைக்கும் இறங்கியிருந்தது?"

"முழங்காலுக்குக் கீழ."

"அப்படின்னா தொடை முழுசாத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"வலது தொடையில ஏதாவது பாத்தீங்களா? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? ஊசிக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. வக்கீல் தெரியாமல் அவள் படித்த பாடத்திலேயே கேள்வி கேட்டுவிட்டார்.

"தழும்பு" என்றாள். "பெரிய தையல் தழும்பு. இருபத்திரண்டு தையல்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

யாரோ செருமினார்கள். "அது... பாத்தாலே தெரியும். தொடையோட வெளிப்பக்கம், நீளமா."

வக்கீல் ஒரு கவரைத் திறந்து, டாக்டர் சான்றிதழையும் நான்கு புகைப்படங்களையும் நீதிபதியிடம் நகர்த்தினார். நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பக்கத்து டாக்டருக்குக் கொடுத்தார்.

"இந்தத் தொடையில ஒரு கொசுக்கடிகூட இல்லையேம்மா" என்றார்.

ஊசிக்குப் புரியவில்லை. போட்டோவை மாற்றி எடுத்துவிட்டார்களோ, இடது தொடையோ என்று நினைத்தாள்.

"அது பத்திரிகையில வந்த கதை ஐயா" என்றார் வக்கீல். "அந்த எட்டு மாசம் எங்க கட்சிக்காரர் சொந்தக் காரணத்துக்காக ஓய்வுல இருந்தாங்க. அடிபட்டுச்சுன்னு யாரோ எழுதினாங்க. இவங்க மறுக்கல, அவ்வளவுதான். இந்தத் தழும்பைப் பாக்கணும்னா தொடையைப் பாத்தா போதாது. ரசிகையா இருக்கணும்."

ஒரு டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். ஊசி கிரேனைப் பார்த்தாள். கிரேன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை, கிழியாமல், நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் பாக்கல" என்றாள் ஊசி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவங்கதான் சுவரைப் பாக்கச் சொன்னாங்க. சத்தியமா."

"எதும்மா சத்தியம்? அஞ்சு நிமிஷம் முன்னாடி சொன்னதா, இப்ப சொன்னதா?"

அதிகாரி அம்மாள் எழுந்தார். பார்த்ததாகத்தான் இந்தப் பெண் தன்னிடமும் சொன்னாள், நம்பியது தன் தவறு, இனி இப்படிப்பட்டவர்களைச் சேர்க்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொல்லி முடிக்கும்வரை ஊசியின் பக்கம் திரும்பவே இல்லை. அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. சோதனை செல்லாது.

கை கழுவும் இடத்தில் கிரேன் முகம் அலம்பிக்கொண்டிருந்தாள். ஊசி உள்ளே போய்க் கதவோரம் நின்றாள். திட்ட வேண்டும் என்றுதான் போனாள். வாயில் வந்தது வேறு.

"இருபத்திரண்டு தையல்னு நீங்களே டிவியில சொன்னீங்களே. தொடையைத் தட்டிக் காட்டினீங்களே."

"சொன்னேன்" என்றாள் கிரேன், கண்ணாடியைப் பார்த்தபடி. "இருபதுன்னு சொன்னா புளுகு மாதிரி இருக்கும். இருபத்தஞ்சும் அப்படித்தான். இருபத்திரண்டுன்னாதான் எண்ணின மாதிரி இருக்கும்."

"அந்த எட்டு மாசம்?"

"போட்ட மருந்து உடம்பை விட்டு இறங்க வேண்டாமா? அதுக்குள்ள சோதனைக்காரங்க கதவைத் தட்டினா?"

"லெட்டர்?"

"எந்த லெட்டர்?" கிரேன் நிஜமாகவே யோசித்தாள். "ஓ, அதுவா. பிரிச்சுப் படிச்சுக் கிழிச்சுப் போடுறதுக்கு ஒரு ஆள் இருந்தான். அவனைக் கேட்டாதான் தெரியும்."

"இதை எல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொல்ல முடியும்? நீ வெளிய போய்ச் சொன்னா ஒரு நாய் நம்பாது." டிஷ்யூ எடுத்து நிதானமாகக் கழுத்தைத் துடைத்தாள். "போற இடமெல்லாம் நாலஞ்சு பேரு அட்டையை மாட்டிட்டு நிப்பீங்க. வேலையை ஒழுங்காப் பாக்குறவ மூஞ்சி கல்லு மாதிரி இருக்கும். ஒருத்தி மட்டும் என்னைப் பாத்ததும் கண்ணு கலங்கி நிப்பா. அவ பக்கத்துல போய் நின்னுக்குவேன். உன்னை மாதிரி ஆளுங்க இல்லாட்டி நான் என்னைக்கோ காலி. அழாதே. வெளிய கேமரா இருக்கு."

வாசல் படிக்கட்டில் நிருபர்கள் முண்டியடித்தார்கள். கிரேன் ஊசியின் தோளில் கை போட்டு இழுத்துத் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். அந்தக் கைக்கு எதிராக அசைய முடியவில்லை.

"இந்தத் தங்கச்சி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றாள் கேமராக்களைப் பார்த்து. "மனுஷங்கன்னா தப்பு பண்ணத்தான் செய்வாங்க. நான் மன்னிச்சுட்டேன். நீங்களும் இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க."

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கிரேன் குனிந்து, பாசமாகச் சொல்வதுபோல, அவள் காதில் சொன்னாள். "பல்லைக் காட்டு."

ஊசி பல்லைக் காட்டினாள். எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான் வந்தது. நாத்தனார் ஒரு பிரதி வாங்கி, மாடியிலிருந்து இறங்கி வந்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் வேலையை விட்டு எடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவ்வளவு பெரிய ஆளே சொன்ன பிறகு எடுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு உத்தரவு வந்தது. இனி ஊசி ரத்தம் எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை மூத்த நர்ஸ் தலையில் விழுந்தது.

"உன்னை வேடிக்கை பாக்கத்தான் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டேன் பாரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். சீட்டுகளில் காலையிலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

மூன்றாவதாக வந்தவள் முப்பது வயதுப் பெண். கையை நீட்டி உட்கார்ந்தவள் ஊசியின் முகத்தையே பார்த்தாள்.

"அந்தப் போட்டோல இருக்கிறது நீங்கதானேக்கா?"

ஊசி ரப்பர் பட்டையைக் கட்டினாள். "கையை மடக்கிப் பிடிங்க."

"நீங்கதான்! அவங்களைத் தொட்டே பாத்திருக்கீங்க! எவ்ளோ பெரிய மனசு அவங்களுக்கு! நானா இருந்தா உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்க்கா, தப்பா நினைக்காதீங்க. அவங்க படத்தை வீட்ல மாட்டி வெச்சிருக்கேன். எம் பொண்ணு தினமும் அதைப் பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போகும்."

நரம்பு நன்றாக எழும்பி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் தப்பாது. ஊசி பஞ்சால் துடைத்தாள். நரம்புக்கு ஒரு நூல் தள்ளி ஊசியை இறக்கினாள்.

"ஆ!"

"ஆட்டாதீங்க. நரம்பு நழுவுது."

உள்ளேயே கொஞ்சம் திருப்பினாள். வெளியே எடுத்தாள். மறுபடி, இந்தத் தடவை மறுபக்கம் ஒரு நூல் தள்ளி. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். நர்ஸ் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பரவால்லக்கா" என்றாள் அவள், வலியோடு சிரிக்கப் பார்த்து. "அவங்க தாங்காத வலியா? நீங்க எடுங்க."

ஊசி புதுச் சிரிஞ்சைப் பிரித்தாள்.

"அந்தக் கையைக் காட்டுங்க" என்றாள்.